மிதவை சொன்னது

முர்காப் என்ற மலையூரில் இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். பேட்டரி அறையில் மிதவை சொன்னது, பேட்டரிக்கு உரியவனின் காதைத் தாண்டிப் போகக் கூடாது. ஒருவன் வீட்டில் மாவு தீர்ந்துவிட்டால் ஊர் பேசும். ஒருவன் மனைவி கோபித்துக்கொண்டு அலிச்சூரிலிருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டால் கன்டெய்னர் கடை வரிசை முழுவதும் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்று பேசும். ஆனால் ஒருவனுடைய பேட்டரி எத்தனை காட்டியது என்று எவரும் கேட்பதில்லை. கேட்க நினைப்பவரைப் போலப் பார்ப்பதுகூட இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரிக் குளிரில் கணவாயைக் கடந்து ஹோரோக் நகரத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்பவனுக்குப் பெயர் என்ற ஒன்றுதான் முதல். பேட்டரி செத்தவன் என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால் அவன் வண்டியில் பிறகு யாரும் ஏற மாட்டார்கள். வண்டி புதிதானாலும், பேட்டரி புதிதானாலும். அதனால்தான் இங்கே பேட்டரியை இரவல் கேட்கும் வழக்கமும் இல்லை. கேட்பது என்பதே சொல்லிவிடுவது.

அந்த அறை அனார்கானுடையது. அவள் கணவன் தோக்தோசுன் கட்டியது. அவன் இறந்து நான்கு குளிர்காலங்கள் ஆகின்றன. ஆற்று மின்நிலையத்திலிருந்து வரும் கம்பி ஊரில் முதலில் தொடுகிற கூரை அதுதான். ஒருநாள் விட்டு ஒருநாள், பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை மின்சாரம் வரும். அந்த இரண்டு மணி நேரத்துக்காக ஊரின் பேட்டரிகள் மரப்பலகைமீது மூடிகள் திறந்து, தொண்டை வறண்டவை போலக் காத்திருக்கும். அனார்கான் ஒவ்வொன்றின் ஆறு அறைகளிலும் கண்ணாடிக் குழாயை விட்டு, ரப்பர் குமிழை அழுத்தி விடுவாள். உள்ளே ஏறும் திரவத்தில் விரல் நீள மிதவை ஒன்று எழும்பி நிற்கும். இருபத்தெட்டு என்று நின்றால் எந்தக் குளிருக்கும் அஞ்ச வேண்டாம். இருபது என்றால் குளிர் இருபத்தேழைத் தொடும்போது உள்ளிருப்பது பனிக்கட்டியாகும். பெட்டியின் வயிறு வெடிக்கும். வறண்ட அறைக்குத் தண்ணீர் மட்டுமே வார்க்க வேண்டும், ஆசிட் அல்ல. அந்தத் தண்ணீருக்காகவே அவள், காற்றில்லாத நாளில் விழுந்த பனியின் மேலடுக்கை மட்டும் மரக்கரண்டியால் வழித்தெடுத்து, இரும்பில் படாமல் கண்ணாடிச் சாடியில் உருக்கி வைப்பாள். மின்சாரம் ஏறிய பேட்டரி அன்றிரவு அங்கேயே இருக்கும். மறுநாள் காலை, ஆறு அறைகளையும் பார்த்தபின் உரியவனின் காதருகே குனிந்து எண்களைச் சொல்வாள். பாவமன்னிப்பு கேட்பவன்போல அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வான். பிறகு பேட்டரியைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போவான். குளிர்காலம் முழுவதும் பேட்டரிகள் மற்ற இரவுகளில் அவரவர் வீட்டுக்குள், அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில், குழந்தைகள் படுக்கும் இடத்திலேயே படுக்கின்றன.

அன்று காலை எட்டரை மணிக்கு, கணவனின் தம்பி எர்கெஷ் வந்தபோது, அவள் அவனுடைய பேட்டரியின் ஐந்தாவது அறைக்குள் நான்காவது முறையாகக் குழாயை விட்டிருந்தாள். மிதவை எழும்பவில்லை. குழாயின் அடியில், நீரில் மூழ்கிய பூச்சியைப் போல ஒருக்களித்துக் கிடந்தது. எர்கெஷ் கதவருகிலேயே நின்றான். வண்டியின் எஞ்சின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் ஊதுவிளக்கை எரியவிட்டு ஒரு மணி நேரமாக எஞ்சினைச் சூடாக்கிவிட்டு வந்திருந்தான்; முகத்தின் ஒரு பாதி கரியாக இருந்தது.

“என்ன சொல்லுது அண்ணி?”

“அஞ்சாவது எந்திரிக்கவே இல்ல. மூணாவது பதினாலு.”

“மத்ததெல்லாம்?”

“மத்தது இருபத்திரெண்டு. மத்தத வச்சு என்ன பண்ணப் போற? ஆறு பேரு தூக்குற சாமான்ல ரெண்டு பேரு கைய விட்டா, மிச்சம் நாலு பேரு என்னத்தத் தூக்குவாங்க?”

அவன் அருகில் வந்து, அவள் சொன்னது பொய்யாக இருக்கக்கூடும் என்பதுபோலக் குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். ஐந்து நாட்களுக்கு முன்பு, அவனுடைய ஆறு வயது மகள் நூர்ஸாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். எல்லைக் காவலர்களின் லாரி ஹோரோக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. எர்கெஷின் மனைவி சயரா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதில் போனாள். நேற்று தபால் நிலையத்துத் தொலைபேசியில் சயராவின் குரல் கேட்டது. குடல்வால் வெடித்துவிட்டது, அறுத்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள், காய்ச்சல் இறங்கவில்லை, அப்பா எங்கே என்று மகள் கேட்கிறாள். இணைப்பு அத்துடன் அறுந்தது. மறுபடி கிடைக்கவில்லை.

“அண்ணி, சூடா இருக்கில்ல இப்போ? ஒரு தடவ சுத்திரும். ஒரு தடவ போதும். அப்புறம் நான் எஞ்சினை அணைக்கவே மாட்டேன். ஹோரோக் பாலம் வரைக்கும் அணைக்க மாட்டேன்.”

“அலிச்சூர்ல டீ குடிக்க நிறுத்துவாங்க.”

“ஓடிக்கிட்டே நிக்கட்டும்.”

“கணவாய்ல டீசலு குழாய்ல கெட்டிப்படும். அதுவா அணைஞ்சா?”

அவன் குழாயை அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.  அந்தக் கேள்வியின் பதிலை இந்த ஊரில் எல்லோரும் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள்.

“முறைய விட்டுக் குடுத்துரு” என்றாள் அனார்கான். ஹோரோக் வண்டிகள் வரிசை முறையில்தான் போகும். நடுக்குளிரில் நான்கு நாட்களுக்கு ஒரு வண்டி. இன்று எர்கெஷின் முறை. “அடுத்தது மத்காசிம் அண்ணன். அவரு வண்டி இன்னைக்கே போகும். நீ அதுல ஏறிப் போ. சாயங்காலம் புள்ள பக்கத்துல இருப்ப.”

“எதுக்கு விட்டேன்னு கேப்பாங்க.”

“யாரும் கேக்க மாட்டாங்க.”

“அதான் அண்ணி. கேக்க மாட்டாங்க. கேக்காமலே தெரிஞ்சிரும்.” அவன் சிரிக்க முயன்றான். “புள்ள பொழச்சு வந்தப்புறம் அவளுக்குச் சோறு போட எங்கிட்ட வேற என்ன இருக்கு? கொஞ்சம்… போன தடவ மாதிரி கொஞ்சம் ஆசிட் ஊத்திப் பாருங்களேன். ரெண்டு சொட்டு.”

“அந்தப் பேச்சை எடுக்காத.”

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. கதவு திறந்தது. ஒரு கணமும் தாமதிக்காமல் எர்கெஷ் கம்பளியை இழுத்துத் தன் பேட்டரியை மூடினான். அனார்கான் குழாயை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். இந்த இரண்டு அசைவுகளும் மூச்சுவிடுவதைப் போல இயல்பாக நிகழ்ந்தன. உள்ளே வந்தவரும் மரியாதைக்காகச் சுவரில் தொங்கிய பழைய நாட்காட்டியைப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, நம்ம கிழட்டுக் குதிரைக்குத் தீனி வச்சியா?” என்றார் மத்காசிம். ஓட்டுநர் வரிசைக்குத் தலைவர் அவர்தான். இடதுகையில் கட்டைவிரல் மட்டும் முழுதாக இருந்தது; மற்ற நான்கும் முதல் கணுவோடு நின்றுவிட்டன.

“வச்சேன் அண்ணே. உங்களவிட நல்லாத்தான் சாப்பிடுது.”

“பல்லு இருக்கு, சாப்பிடுது.” அவர் தன் பேட்டரியைப் பனியில் இழுத்துப்போகும் சறுக்குக்கட்டையில் ஏற்றிப் பழைய மெத்தையால் சுற்றினார். திடீரென்று குனிந்து முகர்ந்தார். பேட்டரியின் பக்கவாட்டில் அவர் பெயரின் முதலெழுத்து பளபளத்தது. “புதுசா பெயின்ட் அடிச்சியா?”

“மங்கிப்போயிருந்துச்சு அண்ணே.”

“நல்லது” என்றார். சற்று நேரம் அந்த எழுத்தையே பார்த்தார். பிறகு எர்கெஷின் பக்கம் திரும்பி, “ஏழு பேரு இருக்காங்க தம்பி. தபால்காரர் மருமக பெர்மெத் கைக்குழந்தையோட வர்றா. அவள வண்டிக்குள்ள சூடு வர்ற குழாய்ப் பக்கம் உக்கார வை. உன் பொண்ணுக்கு என் பொண்டாட்டி உலர்ந்த ஆப்ரிகாட் பழம் குடுத்து விட்டிருக்கா. சாப்பிடலாமான்னு டாக்டரக் கேட்டுக்கோ” என்று சொல்லிவிட்டுச் சறுக்குக்கட்டையின் கயிற்றை இழுத்துக்கொண்டு வெளியேறினார்.

அந்த எழுத்து மங்கியிருக்கவில்லை. விடிந்ததும் அனார்கான்தான் மண்ணெண்ணெய்த் துணியால் அதன் பாதியை அழித்திருந்தாள். அவருடையதும் எர்கெஷுடையதும் ஒரே அளவுப் பெட்டிகள். மத்காசிமின் ஆறு அறைகளும் இருபத்தெட்டு காட்டின. பெயரை மாற்றி எழுதினால் போதும். அவருக்கு நான்கு நாட்களுக்கு வண்டி ஓட்டும் வேலை இல்லை. எர்கெஷ் திரும்பி வந்தபின் மறுபடி மாற்றிவிடலாம். பாதி எழுத்து அழிந்த நிலையில் அவள் கை நின்றுவிட்டது. திருட்டு என்று தோன்றியதால் அல்ல. தன் கையின்மீது அவளுக்கிருந்த கடைசி நம்பிக்கையும் அந்தத் துணியோடு கரைந்து வருவதைப் பார்த்ததால். அவள் பெயின்ட் டப்பாவைத் திறந்து, அழித்ததை மறுபடி எழுதினாள்.

எர்கெஷ் தன் பேட்டரியை மார்போடு அணைத்துத் தூக்கினான். “அண்ணி, நீங்க எதுவும் சொல்ல வேணாம். எப்பவும் போல இருந்தா போதும்” என்றான். அது வேண்டுகோள் அல்ல. அவள் வேறெப்படியும் இருக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அவன் போனபின் அவள் பலகையின் முன் அமர்ந்தாள். கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்ததால் குழாயைக் கழுவினாள். செப்டம்பரில், மேய்ச்சல் நிலத்திலிருந்து இறங்கியபோது எர்கெஷ் இந்தப் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்த நாள் கண்முன் நின்றது. கோடையின் தொடக்கத்தில் அதில் ஒரு சின்னத் தொலைக்காட்சி ஓடியிருந்தது. பேசும் ஓநாயும் முயலும் வரும் படங்களைக் காணாமல் நூர்ஸாத் உறங்க மாட்டாள். திரை சுருங்கிப் புள்ளியாகி அணைகிறவரை பார்ப்பாள். ஒருநாள் பேட்டரியே தீர்ந்தபின் எர்கெஷ் அதை அப்படியே கூடாரத்தின் ஓரத்தில் தள்ளிவைத்தான். வெறும் வயிற்றோடு இரண்டு மாதம். வண்டியைத் தள்ளிவிட்டுக் கிளப்பிக்கொண்டிருந்தான். மூடியைத் திறந்தபோது தகடுகளின்மேல் உப்புப் பூத்ததுபோல வெள்ளை படிந்திருந்தது. இதற்கு வைத்தியம் உண்டு. மெல்லிய மின்சாரத்தை, நூல் போல, நாள்கணக்கில் விடாமல் கொடுக்க வேண்டும், பிறகு முழுக்கக் காலி செய்து மறுபடி நிரப்ப வேண்டும், மூன்று முறை. தோக்தோசுன் இருந்தால் அதைத்தான் செய்திருப்பான், அல்லது முடியாது என்று சொல்லியிருப்பான். ஆனால் எர்கெஷின் முறை அந்த வாரம் வந்திருந்தது. மின்சாரம் வருவதோ இரண்டு மணி நேரம். அவள் ஆசிட் புட்டியைத் திறந்து ஆறு அறைகளிலும் ஊற்றினாள். மிதவை உடனே நிமிர்ந்தது. இருபத்தெட்டு. எர்கெஷ் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். படிவு தகட்டிலேயே இருக்கிறது, கூடுதல் ஆசிட் மிச்சமிருக்கும் தகட்டையும் தின்னப் போகிறது என்று அவளுக்கு அந்த நொடியிலேயே தெரியும். பேட்டரியைக் கொன்றது தொலைக்காட்சியல்ல, கோடையுமல்ல. பொய் சொன்னது மிதவையும் அல்ல. அதைச் சொல்லவைத்தவள் அவள்.

இன்னொரு நினைவு, அவள் அழைக்காமலே வந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மத்காசிமின் வண்டி இதே ஹோரோக் பாதையில், நைசாதாஷ் கணவாயில் நின்றுபோனது. இரண்டு நாட்களுக்குப் பிறகு கண்டெடுத்தபோது, பயணிகளில் இருவர் உட்கார்ந்த நிலையிலேயே உறைந்து இறந்திருந்தார்கள். மத்காசிமின் விரல்கள் அதில் போனவை. டீசல் குழாய் உறைந்துவிட்டது என்று ஊர் சொன்னது, இன்றுவரை சொல்கிறது. செய்தி வந்த பிற்பகலில் தோக்தோசுன் இதே இடத்தில் உட்கார்ந்து இதே குழாயைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவி முடித்ததை மறுபடி கழுவினான். “எத்தன காட்டுச்சு?” என்று அவள் கேட்டாள். திருமணமான இருபது ஆண்டுகளில் அவள் கேட்ட ஒரே முறை. “அது அவனுக்குச் சொன்னது. உனக்கில்ல” என்றான் அவன். அதற்குப் பிறகு அவன் எந்த வண்டியிலும் ஏறவில்லை. தன் தாயின் அடக்கத்துக்குக்கூடப் பக்கத்து ஊருக்கு நடந்தே போனான். இந்த விதியை இத்தனை காலமும் தாங்கி நிறுத்தியது மரியாதையா, அல்லது அது உடைந்தால் எத்தனை பேருடைய மௌனத்துக்கு விலை கேட்கப்படும் என்ற அச்சமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. தெரிந்தது இவ்வளவுதான்: அவள் இப்போது குழாயை மூன்றாவது முறையாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

தூரத்தில் எஞ்சின் ஒன்று இருமியது. நின்றது. மறுபடி இருமி, பிடித்துக்கொண்டது. ஒரு தடவை போதும் என்றானே, சுற்றிவிட்டது. ஓடுகிற எஞ்சின் செத்த பேட்டரியை எவ்வளவு அழகாக மறைத்துவிடுகிறது என்று நினைத்தாள். எங்காவது ஒரு வளைவில், அது மூச்சை விடுகிறவரை.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். குழாயைத் துணியில் சுற்றி உள்ளே செருகினாள்.

கன்டெய்னர் கடைகளின் முன்பு வெயில் இருந்தது; வெப்பம் இல்லை. எர்கெஷின் சாம்பல்நிற வண்டி புகையின் நடுவே நடுங்கிக்கொண்டு நின்றது. எட்டுப் பத்து ஓட்டுநர்கள் வழியனுப்ப நின்றிருந்தார்கள். அன்று காலை அவள் அறையிலிருந்து எடுத்த பேட்டரிகளை வீட்டுக்கு எடுத்துப்போகும் வழியில் நின்றவர்கள். ஆளுக்கொரு கம்பளிப் பொதியை மார்பில் அணைத்திருந்தார்கள். ஒரு கணம் ஊரின் ஆண்களெல்லாம் கைக்குழந்தைகளோடு நிற்பதுபோலத் தோன்றியது. உண்மையான கைக்குழந்தை வண்டிக்குள் இருந்தது. பெர்மெத் அதைச் சால்வைக்குள் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, நீங்களும் வர்றீங்களா? மடியிலதான் எடம் இருக்கு” என்று உள்ளிருந்து யாரோ கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள்.

“யாரு மடியில? உன் மடியிலயா? அதுக்குக் கணவாயே தேவல” என்றார் வேறொருவர்.

மத்காசிம் கையை உயர்த்தினார், சிரிப்பு அடங்கியது. சறுக்குக்கட்டை அவர் காலடியில் இருந்தது. வண்டி கிளம்புமுன் வரிசைத் தலைவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அதற்கு எப்போதும் ஒரே பதில்தான். பதில் சொல்லப்படும்போது பேட்டரி அறைக்காரர் அங்கே இருந்தால், எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்காமலிருக்கத் தத்தம் காலணிகளைப் பார்ப்பார்கள்.

“குதிரை சாப்பிட்டுச்சா தம்பி?”

எர்கெஷ் கண்ணாடியை இறக்கினான். அனார்கானைப் பார்த்தான். கரி படிந்த முகத்தில் கண்கள் மட்டும் குழந்தையுடையவை போலிருந்தன. அவளுக்கு நூர்ஸாத்தின் கண்கள் நினைவுக்கு வந்தன. திரையில் அந்தப் புள்ளி அணைகிறவரை இமைக்காத கண்கள். இவன் போகவில்லையென்றால் அவை இவனைத் தேடியபடியே மூடிவிடலாம். இவன் போனால், சால்வைக்குள் இருக்கும் அந்தச் சின்னத் தலை. இரண்டையும் ஒரு குழாய்க்குள் விட்டு எது மிதக்கும் என்று பார்க்க வழியில்லை.

“வயிறு முட்டச் சாப்பிட்டுச்சு அண்ணே” என்றான் எர்கெஷ்.

எல்லோரும் காலணிகளைப் பார்த்தார்கள்.

“சாப்பிடல” என்றாள் அனார்கான்.

எஞ்சின் சத்தத்தில் அது கேட்காமல் போயிருக்கலாம். அவள் விலகிப்போக இன்னும் நேரம் இருந்தது. அவள் வண்டியின் முன்னால் போய் நின்றாள். கோட்டுக்குள்ளிருந்து குழாயை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தாள். வெறும் குழாய், உள்ளே மிதவை அடியில் படுத்திருந்தது.

“அஞ்சாவது அறை எந்திரிக்கல. மூணாவது பதினாலு. மத்த நாலும் இருபத்திரெண்டு. கணவாய்ல எஞ்சின் நின்னா இந்த வண்டி திரும்பக் கிளம்பாது.” அவள் மூச்சு வெண்புகையாக முகத்தை மறைத்தது. “கெடுத்தது அவன் இல்ல. செப்டம்பர்ல ஆசிட் ஊத்துனவ நான். அவன் புள்ள அங்க கெடக்கு, அவன் போயே ஆகணும். அவனுக்கு ஒரு பேட்டரி வேணும். நான் கேக்குறேன். எல்லாருக்கும் கேக்குறாப்புல கேக்குறேன்.”

 பெர்மெத்தின் குழந்தை பாலை விட்டுவிட்டுச் சிணுங்கியது. வண்டியின் கதவு ஒன்று திறந்தது. யார் இறங்குகிறார்கள் என்று அனார்கான் திரும்பிப் பார்க்கவில்லை. எர்கெஷ் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தான். வலதுகை சாவியின்மீது இருந்தது. அணைக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ஓட்டுநர்களின் கைகள் கம்பளிப் பொதிகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டன.

மத்காசிம் சறுக்குக்கட்டையின் பக்கத்தில் மெதுவாக மண்டியிட்டார். இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு மெத்தையைச் சுற்றியிருந்த கயிற்றின் முடிச்சில், நாற்பது டிகிரி குளிரில், கையுறையைக் கழற்றிவிட்டு, அதை அவிழ்க்க இடதுகையின் அந்த ஒற்றைக் கட்டைவிரலை வைத்தார்.